பழைய டியூஸ் லாரிக்குப் பெரிய சக்கரம்: எது பொருந்தும், எது கையைக் கடிக்கும்?

நண்பர் ஒருவர் ஏலத்தில் ஆறு சக்கரம் எடுத்தார். ரிம்மோடு சேர்த்து, கொள்ளை மலிவு. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட சரக்கு, 14.00 ஆர்20 அளவு. அதாவது டயரின் அகலம் சுமார் 14 அங்குலம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம், 'ஆர்' என்றால் ரேடியல். டயரில் பள்ளம் தேயவே இல்லை. சக்கரங்கள் வந்து இறங்கியபோது அவருடைய டியூஸ், அதாவது பழைய அமெரிக்க ராணுவ எம்35ஏ2 லாரி, முற்றத்தில் ஜாக்கி மேல் தயாராக நின்றது. முதல் சக்கரத்தை இரண்டு பேர் மூச்சிரைக்க உருட்டிக்கொண்டு போய் ஹப்புக்கு நேராக நிறுத்தினோம். ஹப்பில் ஆறு ஸ்டட். வீலில் பத்து ஓட்டை. அன்றைக்கு டீ குடித்ததோடு வேலை முடிந்தது.

"சரி, வீலை மாற்றிக்கொள்ளலாம், டயர் இருக்கிறதே" என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்த வாரம் டேப்பை எடுத்துப் பின்னால் இருக்கும் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே அளந்தோம். 48 அங்குலம். டயரின் உயரம் 49 அங்குலத்துக்கு மேல். ஓட்டை பொருந்தியிருந்தாலும் முன்னும் பின்னுமாக இரண்டு டயர்கள் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

இதே தவறைச் செய்யப் போகிறவர்கள் நிறையப் பேர். "9.00-20 போதுமா, 11.00 போடலாமா, 395 போடலாமா, 14.00 போடலாமா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

## முதலில் லாரியைத் தெரிந்துகொள்வோம்

எம்35 குடும்பத்துக்கு அமெரிக்காவில் செல்லப்பெயர் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்'. சீட்டாட்டத்தில் டியூஸ் என்றால் இரண்டு. ஆக, இரண்டரை டன் லாரி; அது சாலையில்லாத நிலத்தில் ஏற்றும் சுமைக்கான கணக்கு. 1950 வாக்கில் ரியோ நிறுவனம் தொடங்கிவைத்த வடிவம். பிறகு கைசர், ஏஎம் ஜெனரல் என்று கைமாறிப் பல பத்தாண்டுகள் ஓடியது. வியட்நாம் போர்ப் படங்களில் பச்சை நிறத்தில், கேன்வாஸ் கூரையோடு வரிசையாகப் போகுமே, அதுதான்.

ஆறு சக்கர நிலைகள், ஆறுக்கும் இழுவை உண்டு. முன்னால் ஒற்றை டயர், பின்னால் இரண்டு ஆக்சிலிலும் ஜோடி டயர், மொத்தம் பத்து. அளவு 9.00-20. நம்ம ஊர்ப் பழைய லாரியிலும் பஸ்ஸிலும் ஓடிய அதே 900-20தான். டியூப், ஃபிளாப், டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையமான லாக் ரிங் எல்லாம் அதே சங்கதி. நம்ம ஊர் பஞ்சர் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து இந்த லாரி முன்னால் நிறுத்தினால் கையேடு இல்லாமலே கழற்றி மாட்டிவிடுவார்.

எஞ்சின் 'மல்டிஃபியூல்' வகை, 7.8 லிட்டர். டீசல் மட்டுமல்லாமல் கையில் கிடைத்த வேறு எரிபொருளையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்தது. ஆனால் குதிரைத்திறன் 130, 140 அளவில்தான். காலி லாரியே 13,000 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 6 டன். ஆக்சிலின் பல் விகிதம் 6.72. எஞ்சின் நிமிடத்துக்கு 2,600 சுற்றைத் தொடும்போது லாரி மணிக்கு 56 மைல் போகும், 90 கிலோமீட்டர். அதற்கு மேல் எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் விடாது.

இரண்டு விஷயங்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எம்35ஏ2-வில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. இன்னொன்று, பிரேக் காற்று உதவியோடு வேலை செய்யும் ஆயில் பிரேக். ஆறு டிரம்முக்கும் ஒரே ஆயில் வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும்.

## ஏன் பெரிய சக்கரம் கேட்கிறோம்?

கேட்பவர்கள் சொல்லும் காரணம் இரண்டு. நெடுஞ்சாலையில் 50 மைலிலேயே எஞ்சின் அலறுகிறது, பெரிய டயர் போட்டால் அடங்கும் என்பது முதல் காரணம். சேற்றிலும் மணலிலும் நன்றாகப் போகும் என்பது இரண்டாவது. சொல்லாத மூன்றாவது காரணம், பார்க்கக் கம்பீரமாக இருக்கும். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் பர்ஸைத் திறக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கம்பீரத்துக்காகச் செலவழிக்கிறோம் என்று தெரிந்தே செலவழிக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது?

இடம். பின் ஆக்சில்களின் நடு இடைவெளி 48 அங்குலம். டயர் உயரம் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். முன்னால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் ஸ்பிரிங் பட்டையிலோ மட்கார்டிலோ உரசக் கூடாது.

வீல். டியூஸின் வீலில் 8¾ அங்குல வட்டத்தில் ஆறு ஓட்டை. ஐந்து டன் லாரிகளில் பத்து ஓட்டை. இந்த ஆறு ஓட்டை வட்டம் வேறு லாரிகளில் சுலபமாகக் கிடைக்காது.

பிரேக். டயரின் ஆரம் கூடினால், அதே டிரம், அதே லைனிங், அதே மிதி கொடுக்கும் பிடி சாலையில் குறையும். கூடவே, பெரிய டயர் தருகிற கூடுதல் வேகத்தையும் அதே பிரேக்தான் அடக்கியாக வேண்டும்.

ஸ்டீயரிங்கும் இழுவையும். பெரிய டயர் என்றால் ஆக்சில் விகிதத்தையே மாற்றியது போலத்தான். சமதளத்தில் இனிக்கும், ஏற்றத்தில் கசக்கும்.

வழியில் நின்றால். பஞ்சரானால் யார் கழற்றுவது, ஸ்டெப்னி எங்கே வைப்பது, அந்த அளவு டயர் பக்கத்து ஊரில் கிடைக்குமா?

மொத்தச் செலவு. டயரின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. கடைசி நட்டு இறுக்கும்வரை ஆகிற செலவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கணக்கை ஒரே பார்வையில் பார்க்க ஒரு அட்டவணை. டயர் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். எல்லாம் சுமார் கணக்கு.

| | 9.00-20 ஜோடி | 11.00 ஆர்20 ஒற்றை | 395/85 ஆர்20 ஒற்றை | 14.00 ஆர்20 ஒற்றை |
|---|---|---|---|---|
| டயர் எண்ணிக்கை | 10 | 6 | 6 | 6 |
| உயரம் (அங்குலம்) | 40.3 | 43 | 46.4 | 49.4 |
| பின் டயர்களுக்கு நடுவே இடைவெளி (அங்குலம்) | 7.7 | 5 | 1.6 | இடமே இல்லை |
| 2,600 சுற்றில் வேகம் (மைல்) | 56 | 60 | 64 | 68 |
| பிரேக் பிடியில் குறைவு | இல்லை | 6% | 13% | 18% |
| லாரி உயர்வது (அங்குலம்) | 0 | 1.3 | 3 | 4.5 |
| பழைய வீல் போதுமா | போதும் | பெரும்பாலும் போதும் | போதாது | போதாது |
| பின் டயருக்குப் பனிச் சங்கிலி | போடலாம் | போடலாம் | இடம் போதாது | பேச்சே இல்லை |

## 9.00-20: இருப்பதையே புதுசாக்குவது

இது ஒரு தேர்வு என்றே பலர் நினைப்பதில்லை. எனக்கு இதுதான் அளவுகோல்; மற்ற மூன்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

பழைய டியூஸில் பெரும்பாலும் 'என்டிடி' என்ற பழைய நைலான் டயர் இருக்கும். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே மாதிரி தடம் பதியும் டயர். லாரி எந்தத் திசையில் போனது என்று எதிரி தடத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்தார்கள் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, மழையில் நனைந்த தார் ரோட்டில் அந்த டயர் சோப்புக்கட்டி. உள்ளே நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து போகும் கிராஸ் பிளை கட்டுமானம் என்பதால், ராத்திரி நிறுத்தி வைத்த இடத்தில் டயர் தட்டையாகிவிடும். காலையில் முதல் சில மைல்களுக்கு 'டக டக' என்று குதித்துக்கொண்டே போகும்.

இதே அளவில் ரேடியல் போட்டுவிட்டால் குறைகளில் பாதி ஓடிப்போகும். வீல் அதே, நட்டு அதே, ஸ்பீடாமீட்டர் கிட்டத்தட்டச் சரி, பிரேக்கில் எந்த இழப்பும் இல்லை. ஒரு ஆக்சிலில் கிராஸ் பிளையையும் ரேடியலையும் கலந்து போடக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஜோடி டயருக்கு ஒரு பெரிய நன்மை, ஒன்று போனால் இன்னொன்றில் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். கெட்டதும் உண்டு. இரண்டு டயருக்கும் நடுவே கருங்கல் மாட்டினால் அதைக் கடப்பாரை வைத்துத்தான் நெம்ப வேண்டும். உள் டயருக்குக் காற்றுப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அது காலியாக ஓடுவதே பல நாள் தெரியாது. சேற்றில் முன் டயர் போட்ட தடத்திலேயே பின் ஜோடி போகாது, அதைவிட அகலமாகப் புதுசாகச் சேற்றை வெட்டிக்கொண்டு போக வேண்டும். எஞ்சினுக்கு அது தண்டச் சுமை.

மறைந்திருக்கும் செலவு: பத்து டயர், பத்து டியூப், பத்து ஃபிளாப். எண்ணிக்கையே விலையை ஏற்றும்.

யாருக்கு இது சரி? அணிவகுப்புக்கும் கண்காட்சிக்கும் போகிறவர்கள், லாரியை ராணுவத்தில் இருந்தது போலவே வைத்திருக்க நினைப்பவர்கள், உண்மையிலேயே சுமை ஏற்றுகிறவர்கள், பனி விழும் ஊரில் சங்கிலி போட்டே தீர வேண்டியவர்கள்.

## 11.00 ஆர்20: ஒரு படி மேலே

ஐந்து டன் ராணுவ லாரிகள் பலவற்றில் ஓடிய அளவு. அதனால் கழிவுச் சரக்கில் நிறையவே வந்துகொண்டிருந்தது. இதன் பெரிய பலம், டியூஸின் பழைய 7.5 அங்குல ரிம்மிலேயே பலர் இதை ஏற்றி ஓட்டுகிறார்கள். நீங்கள் எடுக்கும் டயரின் ரிம் அட்டவணையில் 7.5-க்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இருந்தால் வீல் செலவு பூஜ்யம்.

பின்னால் இதை ஜோடியாகப் போட ஆசைப்படாதீர்கள். ஜோடி வீல்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி 9.00 டயருக்காக வைத்தது, 11.00 போட்டால் இரண்டு டயரின் வயிறும் ஒன்றோடொன்று உரசும். சுமையில் அந்த உரசல் சூடாகி டயரைத் தின்றுவிடும். ஆகவே ஆறும் ஒற்றை.

ஒற்றைப் பின் டயர் சுமை தாங்குமா என்ற பயம் இயல்பானது. சாலையில் ஏற்றக்கூடிய 10,000 பவுண்டையும் முழுசாக ஏற்றினால், பின் டயர் ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 2 டன் விழும். நல்ல 11.00 ரேடியலுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் டயரின் பக்கவாட்டில் இருக்கும் சுமை எண்ணைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டியது நீங்கள்தான்.

56 மைல் 60 ஆகும். பெரிதாக ஒன்றும் தெரியாது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். பிரேக் இழப்பு 6 சதவீதம், லைனிங்கும் அட்ஜஸ்ட்மென்ட்டும் நன்றாக இருந்தால் தாங்கும் அளவு. ஸ்டீயரிங் கனம் கூடும், ஆனால் ஓடும்போது சமாளிக்கலாம். நின்ற இடத்தில் ஒடிப்பதற்குத்தான் இரண்டு கையும் ஒரு தோளும் தேவைப்படும்.

தோற்றத்தில்? இங்கேதான் சிலருக்கு ஏமாற்றம். பின்னால் எட்டு டயர் இருந்த இடம் மெலிந்து, லாரி எலும்பும் தோலுமாகத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பழக்கம்தான்.

யாருக்கு இது சரி? காட்டுப்பாதையிலும் சாலையிலும் கலந்து ஓட்டுகிறவர்கள், வெல்டிங் பட்டறைப் பக்கமே போக விரும்பாதவர்கள், கையில் அளவாகப் பணம் இருப்பவர்கள். யாராவது என்னைக் கழுத்தைப் பிடித்து "ஒன்றே ஒன்று சொல்" என்றால், இதைத்தான் சொல்வேன்.

## 395/85 ஆர்20: எல்லோரும் ஆசைப்படுவது

ராணுவத்தின் புதிய எஃப்எம்டிவி லாரிகளில் வரும் டயர் இது. அகலம் 395 மில்லிமீட்டர், உயரம் 46 அங்குலத்துக்கு மேல். டியூஸில் மாட்டிப் பார்த்தால் லாரியே வேறு ஜாதியாகிவிடும். படங்களில் நீங்கள் பார்த்து மயங்கியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பின்னால் இரண்டு டயருக்கும் நடுவே மிச்சம் 1.6 அங்குலம். உங்கள் நான்கு விரலைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள், அநேகமாக நுழையாது. தார் ரோட்டில் இதனால் ஒன்றும் இல்லை. களிமண் சேற்றில் போனால் அந்த இடுக்கில் மண் அடைத்துக்கொள்ளும், கல் மாட்டும். சங்கிலி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்பிரிங்கும், ஆக்சிலை இடத்தில் பிடித்து வைக்கும் டார்க் ராடின் புஷ்களும் தேய்ந்து போன லாரி என்றால் ஆக்சில் கொஞ்சம் முன்பின் நகரும்; அப்போது அந்த ஒன்றரை அங்குலமும் நிச்சயமில்லை. டயர் வாங்குவதற்கு முன்னால் அந்த புஷ்களை நெம்பிப் பாருங்கள்.

அடுத்தது வீல். பழைய 7.5 அங்குல ரிம் இந்த அகலத்துக்கு ஆகாது. எஃப்எம்டிவி வீல் டியூஸ் ஹப்பில் உட்காராது. வழி இரண்டு: ஆறு ஓட்டைக்கென்று செய்து விற்கிற அகல வீலை வாங்குவது, அல்லது வேறு வீலின் நடுத்தட்டை வெட்டியெடுத்து டியூஸின் நடுத்தட்டை வைத்து வெல்டிங் செய்வது. முதல் வழியில் வீலின் விலை பல சமயம் டயர் விலையைத் தாண்டிவிடும். இரண்டாவது வழியில் வெல்டர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, வீல் கோணாமல் சுற்ற வேண்டும், வெல்டு ஆறு டன் லாரியைத் தாங்க வேண்டும். வேலியோரம் உட்கார்ந்து கிரில் கேட் செய்கிறவரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

பின் வீல் எங்கே நிற்கும் என்பதும் ஒரு தலைவலி. உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் பட்டையில் உரசும். வெளியே தள்ளினால் முன் டயர் தடமும் பின் டயர் தடமும் ஒத்துப்போகாது. ஒற்றை டயர் போட்டதன் முக்கிய லாபமே அதோடு போயிற்று. வீல் பேரிங்கில் விழும் பாரமும் இடம் மாறும். இதற்காகச் சிலர் பின் ஹப்பையே திருப்பிப் போடுகிறார்கள். செய்ய முடிகிற வேலைதான், ஆனால் ஆறு டயர் மாட்ட ஆரம்பித்தவர் ஹப், பேரிங், டிரம், சீல் எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்திருப்பார். "அப்படியே கிரீஸும் மாற்றிவிடலாம், லைனிங்கும் பார்த்துவிடலாம்" என்று வேலை வளரும்.

இனி பிரேக்கும் வேகமும். 50 மைலில் எஞ்சின் சுற்று 2,300-லிருந்து 2,000-க்கு இறங்கும். உண்மையிலேயே சுகம், பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம். கவர்னர் விடும் உச்ச வேகம் 64 மைல் ஆகிறது. ஆனால் 56-ல் போகும் லாரியை நிறுத்துவதைவிட 64-ல் போகும் அதே லாரியை நிறுத்த டிரம்கள் 30 சதவீதம் கூடுதல் சக்தியை விழுங்க வேண்டும். அதே நேரம் பிரேக்கின் பிடி 13 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒரே ஆயில் வழி என்று முன்னால் சொன்னேனே, அதை இந்த இடத்தில் சேர்த்து யோசியுங்கள். 395 போடுகிறவர் முதலில் பிரேக்கை இரட்டை வழியாக மாற்றிவிட்டு அப்புறம் டயருக்கு வரட்டும் என்பது என் பிடிவாதம்.

இன்னொரு சின்னக் கண்ணி. இந்த வகை டயர்களில் சுமை எண்ணுக்குப் பின்னால் வேகத்துக்கான எழுத்து இருக்கும். 'ஜி' என்றால் உச்சம் மணிக்கு 90 கிலோமீட்டர், 'ஜே' என்றால் 100, 'கே' என்றால் 110. 64 மைல் என்பது 103 கிலோமீட்டர். 'ஜி' டயரைப் போட்டுவிட்டு வேகம் கூடிவிட்டது என்று மகிழ்ந்தால், அந்த வேகத்தில் ஓட டயருக்கே அனுமதி இல்லை. ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும்: அது 50 காட்டும்போது நீங்கள் 57-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஏற்றத்தில் 130 சொச்சம் குதிரை இந்த டயரை இழுக்கத் திணறும். எந்த மேட்டையும் ஐந்தாவது கியரிலேயே ஏறலாம் என்ற கனவை விட்டுவிடுங்கள். புகைபோக்கியில் வெப்பமானி பொருத்தி, சூடு எகிறாமல் பார்த்துக்கொண்டு, நேரத்தோடு கியரைக் குறைக்கப் பழக வேண்டும். ஸ்டீயரிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பவர் ஸ்டீயரிங் அல்லது காற்று உதவி ஸ்டீயரிங் இல்லாமல் 395-ஐ நகருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு ஜிம் தேவையில்லை.

யாருக்கு இது சரி? பட்டறையும் நேரமும் இருப்பவர்கள், பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்து மாற்றப் பணம் ஒதுக்கியவர்கள், மணலிலும் திறந்த நிலத்திலும் அதிகம் ஓட்டுகிறவர்கள். இந்தப் பட்டியலில் இருக்கிற ஆள் என்றால் நான்கிலும் மனசுக்கு நிறைவு தருவது இதுதான், மறுக்கவில்லை.

## 14.00 ஆர்20: ஆக்சில் ஒன்றைத் துறக்கத் தயாரா?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு சக்கர டியூஸில் இது உட்காராது. உட்கார வைக்க இருக்கிற வழி, பின் ஆக்சில் ஒன்றைக் கழற்றி, சேசிஸை வெட்டிக் குட்டையாக்கி, நான்கு சக்கர லாரியாக மாற்றுவது. அமெரிக்காவில் இதற்கு 'பாப்' செய்வது என்று பெயர். பார்க்கக் குட்டி யானை மாதிரி அழகாக இருக்கும். ஆனால் ஆக்சிலோடு அதன் பிரேக்கும் போகிறது, சுமை ஏற்றும் தகுதியும் போகிறது. லாரியாக விற்கும் மதிப்பும் மாறிவிடும். முன் சக்கரம் முழுசாக ஒடியாது. ஸ்டீயரிங் ஸ்டாப்பரைக் கூட்ட வேண்டும், திரும்ப மைதானம் வேண்டும்.

14.00 மேல்தான் காதல் என்றால், அதற்கென்றே செய்த லாரியை வாங்குங்கள். ஐந்து டன் எம்923ஏ1, ஏ2 இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே இந்த டயரோடு ஒற்றைச் சக்கரமாக வந்தவை. அவற்றின் பின் ஆக்சில் இடைவெளி 54 அங்குலம், பவர் ஸ்டீயரிங் உண்டு, பிரேக் முழுக் காற்று பிரேக். டியூஸையும் விற்று, மாற்றும் வேலைக்கென்று வைத்த பணத்தையும் சேர்த்தால் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். அந்த லாரிகளும் ஆட்டுக்குட்டிகள் அல்ல. எம்923 சேர்ந்த எம்939 குடும்பத்தின் விபத்துகளைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1999-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. ராணுவம் பிறகு அவற்றுக்கு ஏபிஎஸ் பிரேக் பொருத்த இறங்கியது.

## ராணுவமே என்ன செய்தது?

1990-களில் டியூஸையே புதுப்பிக்க ராணுவம் முடிவெடுத்தது. எம்35ஏ3 என்று பெயர். பின்னால் ஜோடியை எடுத்துவிட்டு 14.5 ஆர்20 ஒற்றை டயர் போட்டார்கள். "பார்த்தாயா, ராணுவமே ஒற்றைக்கு மாறியது" என்று டயர் விற்கிறவர்கள் சொல்லும் உதாரணம் இதுதான். முழுசாகச் சொன்னால், அதோடு சேர்த்து எஞ்சினை எடுத்துவிட்டு கேட்டர்பில்லர் எஞ்சின் வைத்தார்கள், ஆட்டோமேட்டிக் கியர் வைத்தார்கள், பவர் ஸ்டீயரிங் வைத்தார்கள். நாம் டயரை மட்டும் காப்பியடிக்கிறோம்.

## எந்தத் தேர்வானாலும் பட்ஜெட்டில் விடுபடுவது

முதலாவது, வயது. ராணுவக் கழிவு டயர் ஓடித் தேய்ந்திருக்காது. நின்றே கிழடு தட்டியிருக்கும். பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் ஜாதகம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2306 என்றால் 2006-ல் 23-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பூந்தொட்டி ஆக்கலாம். காற்று நிரம்பிய நிலையில் டயரின் கன்னத்தில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்; தலைமுடி போல வெடிப்பு ஓடினால் விலை எவ்வளவு மலிவானாலும் முன் ஆக்சிலுக்கு வேண்டாம்.

இரண்டாவது, கழற்றி மாட்டும் கூலி. லாக் ரிங் வீல் என்றாலே பல டயர் கடைகள் வாசலிலேயே கும்பிடு போட்டுவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. துருப்பிடித்த ரிங் சரியாக உட்காராமல் காற்றேறினால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், முன்னால் நிற்பவர் பிழைப்பது அரிது. பல துண்டு ரிம்களில் வேலை செய்யும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியே இருக்கிறது. நம்ம ஊரில் ரிம்முக்குள் சங்கிலி கோத்துக் காற்றடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி வீட்டு வாசலில் முயற்சி செய்ய வேண்டாம். வேறு ராணுவ வண்டிகளில் போல்ட்டு போட்டு இணைத்த இரண்டு துண்டு வீல்களும் உண்டு. வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுசாக இறக்காமல் அந்த போல்ட்டில் ஸ்பானர் வைக்கவே கூடாது.

மூன்றாவது, போக்குவரத்து. ஏலத்தில் சக்கரம் மலிவாகப் போவதற்கே காரணம், அது கிடக்கும் இடத்திலிருந்து தூக்கி வருவது உங்கள் பாடு என்பதுதான். என் நண்பருக்கு வண்டி வாடகை, ஏலத்தொகையைவிடக் கொஞ்சம்தான் குறைவாக வந்தது. விற்றவர் போட்ட படத்தில் டயரின் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை.

அப்புறம் ஸ்டெப்னி. ஏழாவது வீலும் டயரும் கணக்கில் இருக்கிறதா? பழைய ஸ்டெப்னி கூடு 9.00 அளவுக்குச் செய்தது. 395-ஐத் தூக்கி அதில் வைக்க ஆள் பலம் போதாது, கப்பி வேண்டும். கராஜ் கதவின் உயரத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். மூன்று அங்குலம் உயர்ந்த லாரி வெளியே போகும்போதே கதவில் இடிப்பதைவிட அது நல்லது. டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது என்று அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டம் உண்டு. உங்கள் மாநிலத்தில் என்ன என்று பாருங்கள்.

## ஏலத்தில் கை தூக்கும் முன்

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: டேப்பை வைத்து எடுத்த ஓட்டை வட்டம், கடைசி நான்கு இலக்கம் தெரியும்படி 'டாட்' குறியீடு, லாக் ரிங் உட்காரும் விளிம்பு. தராவிட்டால் அடுத்த ஏலம் பாருங்கள். சக்கரம் வந்துகொண்டேதான் இருக்கும்.

மாட்டும் நாளில் ஒன்றை மறக்க வேண்டாம். எம்35ஏ2-வில் ஓட்டுநர் பக்கச் சக்கரங்களின் (அமெரிக்க லாரியில் அது இடப்பக்கம்) நட்டு இடப்பக்கப் புரி, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும், ஸ்டட்டின் முனையில் 'எல்' என்று அடித்திருக்கும். வலப்பக்கத்தைக் கழற்றிய கையோடு இந்தப் பக்கம் வந்து, நீளக் குழாய் சொருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்து, கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கி ஸ்டட்டை முறித்தவர்களில் நானும் ஒருவன். புது வீல் மாட்டி 50, 100 மைல் ஓடிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பெயின்ட் அடித்த வீல் என்றால் நிச்சயம் கால் சுற்று இறங்கும்.

நண்பர் கடைசியில் அந்த ஆறு 14.00-ஐயும் எம்923 வைத்திருந்த ஒருவருக்கு வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டார். வண்டி வாடகை போனது போனதுதான். இப்போது அவர் லாரியில் 11.00 ஓடுகிறது. அவர் கண் மட்டும் இன்னும் 395 மேல்தான்.